தாத்தாவுக்கு வந்த கல்லும் பேத்திக்கு வந்த கல்லும்

கேள்வி: எனக்கு வயது 41. அருப்புக்கோட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். அப்பாவுக்கு 50 வயதுக்கு மேல் இரண்டு தடவை கிட்னியில் கல் வந்தது. எனக்கு 34 வயதில் ஒன்று, போன வருஷம் ஒன்று. இப்போது 7 வயது மகளுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்து ஸ்கேன் எடுத்ததில் இரண்டு கிட்னியிலும் கல் இருக்கிறது என்கிறார்கள். ஒரு சின்னக் கல் வலியோடு வெளியே வந்தும் விட்டது. டாக்டர், “பரம்பரை, தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்” என்றார். நான் கட்டியிருப்பது என் அக்கா மகளை. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். அக்கா வீட்டுக்காரரோ, இப்போது மாமனார், “கல் உங்க வீட்டுச் சொத்து” என்கிறார். பால், தக்காளி, கீரை மூன்றையும் மகளுக்கு நிறுத்திவிட்டோம். தினமும் வாழைத்தண்டு சாறு கொடுக்கிறோம். முன்பு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி பவுடரும் வாரம் ஒரு பாக்கெட் போய்க்கொண்டிருக்கிறது. எச்சிலை அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா? 3 வயது மகனுக்கும் வருமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மூன்று தலைமுறையாகக் கல் வருகிறது, அதனால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேதான் நான் வேறுபடுகிறேன். நடுவயதில் ஒரு ஆணுக்கு ஒன்றிரண்டு கல் வருவது எங்கள் ஓ.பி.யில் தினமும் பார்ப்பது. 7 வயதுப் பெண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் கல் என்பது தினமும் பார்ப்பதில்லை. உங்களுக்கும் அப்பாவுக்கும் வந்தது ஒரு விஷயமாகவும், மகளுக்கு வந்தது முற்றிலும் வேறு விஷயமாகவும் இருக்கலாம். அப்படி இல்லை என்று நிரூபணமாகும்வரை அது வேறு விஷயம்தான் என்று வைத்துத் தேடுவது எங்கள் வழக்கம்.

முதலில் பெரியவர்களின் கல்லைப் பார்த்துவிடுவோம். கல் குடும்பத்தில் ஓடும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்களை வைத்து 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்குக் கல் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஏறக்குறைய 32 சதவீதம். தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரில் அது 17 சதவீதம். இந்த வித்தியாசத்தை வைத்து, கல் வரும் தன்மையில் பாதிக்குச் சற்று மேல், 56 சதவீதம், மரபணுக்களின் பங்கு என்று கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கமும் இதிலேயே இருக்கிறது. அச்சு அசலான இரட்டையரிலேயே மூன்றில் இரண்டு பேருக்குக் கூடப் பிறந்தவரின் கல் வரவில்லை. குடும்பத்தில் கல் உள்ள ஆணுக்கு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு வாய்ப்பு என்று 1997-ல் வேறொரு பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் ஒரு குடும்பம் ஜீனை மட்டுமா பங்கிட்டுக்கொள்கிறது? ஒரே சட்டி, ஒரே உப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர். உங்கள் வீட்டில் ஒரே தறிக்கூடமும் சேர்ந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பத்து மணி நேரம் நின்று வியர்த்துவிட்டு, இரண்டு டீயும் ஒரு சொம்புத் தண்ணீருமாக நாளை ஓட்டுகிற ஆளின் சிறுநீர் மாலையில் என்ன நிறத்தில் போகும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிக் கெட்டியாகும் சிறுநீரில்தான் படிகம் கட்டும்.

இந்தப் பொதுவான பரம்பரைத் தன்மை ஒரு ஜீனில் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 2009-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானிகள், ஐஸ்லாந்திலும் நெதர்லாந்திலும் கல் வந்த சுமார் 3,800 பேரின் மரபணுவை, கல் நோயாளிகளாக இல்லாத 42,000 பேருக்கு மேல் உள்ளவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். க்ளாடின்-14 என்ற ஜீனின் மரபணு வரிசையில் ஓர் எழுத்து வித்தியாசம் அகப்பட்டது. சிறுநீரகத்தின் நுண்குழாயில் வடிகட்டப்பட்ட கால்சியத்தைத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள சந்தில் காவல் நிற்கும் புரதம் இந்தக் க்ளாடின்-14. காவல் கெடுபிடியானால் கால்சியம் திரும்பி வராமல் சிறுநீரோடு போகும். கல் வாய்ப்பைக் கூட்டும் அந்த எழுத்தை அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பெற்றவர்களுக்கு, ஒன்றுகூடப் பெறாதவர்களைவிட 1.64 மடங்கு வாய்ப்பு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இரண்டு வழியிலும் அதைப் பெற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த மக்கள்தொகையில் 62 சதவீதம்! பாதிக்கு மேல் உள்ள ஜனங்களை “உங்களுக்கு ஆபத்து” என்று சொல்லும் ஒரு டெஸ்டால் யாருக்கு என்ன லாபம்?

அதற்குப் பின் 2012-ல் ஜப்பானியர்களிடம் கல்லோடு தொடர்புள்ள மூன்று மரபணு இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2019-ல் பிரிட்டன், ஜப்பான் இரு நாட்டுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது இருபது இடங்கள். கால்சியத்தை உணரும் ஜீன், பாஸ்பேட்டைக் கடத்தும் ஜீன், வைட்டமின் டி-யைச் சிதைக்கும் ஜீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒவ்வொன்றும் தராசை ஒரு மயிரளவு சாய்க்கிறது, அவ்வளவே. ஐஸ்லாந்துக்காரர்களே 2010-ல் இன்னொரு வேடிக்கையையும் காட்டினார்கள். யூரோமாடுலின் என்ற புரதத்தின் ஜீனில் உள்ள ஒரு மாறுபாடு, வயதான காலத்தில் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே மாறுபாடு கல் வராமல் காக்கிறது. ஆகவே நல்ல ஜீன், கெட்ட ஜீன் என்று பிரித்துப் பேசுவது மேடைக்குச் சரி, கிளினிக்கில் செல்லாது.

எச்சில் டப்பாவை கூரியரில் அனுப்பி வாங்கும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இந்த மாதிரிப் பொது மாறுபாடுகள்தான் இருக்கும். அவற்றை எடைபோட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பியர்களிடமும் ஜப்பானியர்களிடமும் நடந்தவை. நம் மக்களுக்கு அதே எடை பொருந்துமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பொருந்தினாலும், கடைசியில் “தண்ணீர் அதிகம் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள்” என்றுதான் அதில் எழுதியிருக்கும். அதை நான் காசு வாங்காமலே சொல்கிறேன். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள், மகளுக்கு வேறு விதமான ஜீன் டெஸ்ட் தேவைப்படலாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

பல ஜீன்கள் சேர்ந்து சாய்ப்பது போக, ஒரே ஒரு ஜீனில் உள்ள பெரும்பிழையால் மட்டுமே கல் வரும் நோய்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. மொத்த மக்கள்தொகையில் அவை அபூர்வம். ஆனால் கல் நோய்க்கான சிறப்புப் பிரிவுகளுக்கு வந்த 268 பேரிடம் 30 ஜீன்களைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் ஒற்றை ஜீன் காரணம் அகப்பட்டது. பெரியவர்களில் 11 சதவீதம், 18 வயதுக்குட்பட்டவர்களில் 21 சதவீதம். சிக்கலான கேஸ்கள்தான் அப்படிப்பட்ட இடங்களுக்கு வரும் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் ஊர் கல் கிளினிக்குக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும் சின்ன வயது, இரண்டு பக்கமும் கல், பெற்றோர் ரத்த சொந்தம் என்று மூன்றும் சேர்ந்த ஒரு குழந்தையிடம் இதைத் தேடாமல் விடுவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி இங்கேயே பேசிவிடுகிறேன். இந்த நோய்களில் பல, ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் கேரியர். அவருக்கு நோய் இருக்காது, தெரியவும் தெரியாது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நடுவே சராசரியாகக் கால்வாசி மரபணுப் பிரதிகள் பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. உங்கள் அப்பா அம்மா இருவரில் ஒருவரிடம் ஒரு பழுதான பிரதி இருந்து, அது ஒரு வழியாக உங்களுக்கும் இன்னொரு வழியாக அக்காவுக்கும், அக்கா மூலம் உங்கள் மனைவிக்கும் வந்திருந்தால், நீங்கள் இருவருமே கேரியர். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இதில் கவனியுங்கள், அந்தப் பிரதி கல் வந்த உங்கள் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாழ்நாளில் ஒரு கல்கூட வராத உங்கள் அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். “உங்க வீட்டுச் சொத்து” என்று சொல்லும் மாமனார் வழியாக வேறொரு பழுது வந்து, உங்கள் பழுதோடு சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. சொந்தத்திலேயே கட்டாமல் சாதிக்குள் மட்டும் கட்டுபவர்களும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. தெற்காசியாவில் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-ல் ஐதராபாத் விஞ்ஞானிகளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்றும், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிட அந்தக் குறுகல் அதிகம் என்றும் தெரிந்தது. பேசுகிறவர்கள் வீட்டிலும் யாராவது எதற்காவது கேரியராக இருப்பார்கள். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் இந்தப் பேச்செல்லாம் கடைசியில் அவர் தலையில்தான் விடியும்.

மகளிடம் எந்தெந்த நோயைத் தேடுவோம் என்று சொல்கிறேன்.

நான் முதலில் பயப்படுவது ப்ரைமரி ஹைபர்ஆக்ஸலூரியா முதல் வகைக்கு. ஏஜிஎக்ஸ்டி என்ற ஜீனில் பழுது. கல் சிறுநீரகத்தில் இருந்தாலும் குற்றவாளி கல்லீரல். அங்கே ஒரு நொதி வேலை செய்யாததால் உடலே ஆக்ஸலேட் என்ற கழிவை அளவில்லாமல் தயாரிக்கிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது, பின்பு சிறுநீரகத் திசுவிலேயே படிகிறது. சிறுநீரகம் செயலிழந்ததும் எலும்பு, கண், இதயம் என்று எல்லா இடத்திலும் படியத் தொடங்கும். இந்த நோய் தெரியாமல் கிட்னி மட்டும் மாற்றினால், புதுக் கிட்னியிலும் கல்லீரல் அதே வேலையைக் காட்டும். மாற்றுச் சிகிச்சை செய்து, அது கெட்டுப்போன பின் பயாப்ஸியில் ஆக்ஸலேட் படிகத்தைப் பார்த்துத்தான் நோயே தெரியவந்தது என்ற கதை மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் கல்லீரலையும் சேர்த்து மாற்றும் வழக்கம் வந்தது.

நல்ல செய்தியும் உண்டு. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பிட்ட சில மாற்றங்கள் இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் மலிவாகக் கிடைக்கும் வைட்டமின் பி6 மாத்திரையே தகுந்த அளவில் கொடுத்தால் ஆக்ஸலேட்டைக் குறைக்கும். யாருக்குக் கேட்கும் என்பதை ஜீன் டெஸ்ட் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். 2020 நவம்பரில் லுமாசிரான் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. கல்லீரலில் ஆக்ஸலேட் தயாராகும் பாதையில் முந்தைய ஒரு படியை அது அடைத்துவிடுகிறது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆனாலும் பத்து வருஷத்துக்கு முன்பு இல்லாத ஒரு வாசல் இது.

அடுத்தது சிஸ்டினூரியா. சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தைச் சிறுநீரகம் திரும்ப இழுக்க முடியாமல் விடுவதால் அது சிறுநீரில் படிகமாகிறது. வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1810-ல் விவரித்த கல் இது. 1908-ல் காரட் (Garrod) என்ற இன்னொரு ஆங்கிலேயர், பிறவியிலேயே வரும் வளர்சிதைக் குறைபாடுகள் என்று முதன்முதலில் எடுத்துச் சொன்ன நான்கு நோய்களில் இதுவும் ஒன்று. நூறு வருஷம் கழித்தும் இதைக் கண்டுபிடிக்க முதல் உதவி ஒரு சாதாரண மைக்ராஸ்கோப்தான். காலையில் பிடித்த புதுச் சிறுநீரை ஒரு துளி கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், தட்டையான, நிறமற்ற அறுகோணப் படிகம் தெரியும். வேறெதுவும் அப்படி இருக்காது. பார்த்தால் முடிந்தது வேலை. கல் இறுக்கமானது, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறைக்கு எளிதில் மசியாது. இரவிலும் எழுந்து குடிக்கும் அளவுக்குத் தண்ணீர், சிறுநீரைக் காரமாக்கும், அதாவது அமிலத்தன்மையைக் குறைக்கும், பொட்டாசியம் சிட்ரேட், அதற்கும் அடங்காவிட்டால் சிஸ்டினைக் கரைய வைக்கும் தனி மருந்துகள் என்று சிகிச்சையே வேறு பாதையில் போகும். இந்த நோயில் ஒரு பிரதி மட்டும் பழுதான சிலருக்கும் கல் வருவதுண்டு. ஆகவே உங்கள் கல்லும் மகள் கல்லும் சம்பந்தமில்லாதவை என்று இப்போதே அடித்துச் சொல்லவும் மாட்டேன்.

மூன்றாவது, சிறுநீரகக் குழாயால் அமிலத்தை வெளியேற்ற முடியாத டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். உங்கள் மகள் வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமா? சட்டென்று சோர்ந்து போகிறாளா? கூப்பிட்டால் காதில் விழவில்லையா? இந்த நோயின் ஒரு வகையில் காது கேளாமையும் சேர்ந்தே வரும். ரத்தத்தில் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் குறைந்து, சிறுநீர் மட்டும் காரமாகவே இருந்தால் சந்தேகம் உறுதியாகும். விலை குறைந்த சிட்ரேட் அல்லது பைகார்பனேட் சிரப்பைத் தவறாமல் கொடுத்தால் குழந்தை மடமடவென வளரும். எனக்குப் பிடித்த நோய் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், மருந்து இவ்வளவு மலிவாகவும் பலன் இவ்வளவு தெளிவாகவும் இருக்கும் பரம்பரை நோய்கள் குறைவு.

ஏபிஆர்டி குறைபாடு என்று இன்னொன்று உண்டு. அதன் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, யூரிக் அமிலக் கல் என்று நினைத்து ஏமாறுவார்கள். அலோபியூரினால் மாத்திரையால் கட்டுப்படும். டென்ட் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது, உங்கள் மகளுக்கு அதைப் பின்னால் வைக்கலாம்.

இனி உங்கள் வைட்டமின் டி பாக்கெட். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் பாக்கெட் வழக்கமாக 60,000 யூனிட். சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பார்கள், பல வீடுகளில் அது மாதக்கணக்கில் ஓடும். வைட்டமின் டி-யைச் சிதைத்து வெளியேற்றும் சிஒய்பி24ஏ1 என்ற ஜீன் பழுதாக இருக்கும் குழந்தைக்கு அது விஷமாகும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரில் கொட்டும், சிறுநீரகத்தில் படியும். 1950-களில் பிரிட்டனில் பாலிலும் குழந்தை உணவிலும் வைட்டமின் டி-யைத் தாராளமாகச் சேர்த்தபோது ஏராளமான கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியது. ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் வராமல் சிலருக்கு மட்டும் வந்தது என்பதற்கு ஒரு விடையாக இந்த ஜீன் 2011-ல்தான் அகப்பட்டது. உங்கள் மகளுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, பாரா தைராய்டு ஹார்மோன் மூன்றும் பார்க்கும்வரை அந்தப் பாக்கெட்டை நிறுத்தி வையுங்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் போனில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து டெஸ்டுகள். எதை முதலில் செய்வது என்பதில்தான் பணமும் காலமும் மிச்சமாகும்.

வெளியே வந்த அந்தக் கல் எங்கே? பெரும்பாலும் டாய்லெட்டில் போயிருக்கும், அல்லது யாருக்காவது காட்டிவிட்டுக் குப்பையில் போட்டிருப்பீர்கள். இருந்தால் அதுதான் முதல் சாட்சி. கழுவி, காயவைத்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். அகச்சிவப்புக் கதிர் முறையில் அது எதனால் ஆனது என்று பகுத்துச் சொல்லும் லேப்கள் மதுரையிலிருந்தே மாதிரி வாங்கிக்கொள்ளும். சிஸ்டின் என்று வந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. ஆக்ஸலேட் கல்லிலும் ஜாடை உண்டு. சாதாரண ஆக்ஸலேட் கல் கரும்பழுப்பு, பிளந்தால் உள்ளே கதிர் கதிராக அடுக்கு தெரியும். ப்ரைமரி ஹைபர்ஆக்ஸலூரியா கல் வெளிர் கிரீம் நிறம், உள்ளே ஒழுங்கில்லாமல் பொடி அப்பியது போல் இருக்கும். கல் போய்விட்டதா? பரவாயில்லை. ஒரு பழைய டீ வடிகட்டியைப் பாத்ரூமில் வைத்து, மகள் சிறுநீர் கழிக்கும்போது அதன் வழியே போகச் செய்யுங்கள். இன்னும் கல் இருக்கிறது, அடுத்தது விழும்போது பிடித்துவிடலாம்.

அதோடு ரத்தத்தில் கிரியேட்டினின், கால்சியம், பாஸ்பரஸ், பைகார்பனேட், பொட்டாசியம், யூரிக் அமிலம். பிறகு 24 மணி நேர சிறுநீர். இதைப் பலர் தப்பாகச் சேகரித்து டெஸ்டையே வீணாக்குகிறார்கள். பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப்பின் பகலும் இரவும் போவது ஒரு சொட்டு விடாமல் லேப் கொடுத்த கேனில் சேர வேண்டும். மறுநாள் காலை அதே நேரத்தில் போகும் முதல் சிறுநீரும் கேனுக்குள். நடுவில் ஒரு தடவை மறந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு நாள் பிடித்துக்கொள்ளலாம். அன்று தண்ணீரும் சாப்பாடும் வழக்கம்போலவே இருக்கட்டும். டெஸ்டுக்காக நல்ல பிள்ளையாக நடந்தால் ரிப்போர்ட்டும் நல்ல பிள்ளையாக வந்துவிடும். கால்சியம், ஆக்ஸலேட், சிட்ரேட், சிஸ்டின், கிரியேட்டினின் எல்லாம் அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றில் ஏதாவது திசை காட்டினால், அல்லது எதுவுமே தெளிவாகாவிட்டால், அப்போது ஜீன் டெஸ்ட். அது எச்சில் டப்பா அல்ல. சிறுநீரக மருத்துவரோ மரபியல் மருத்துவரோ எழுதிக்கொடுத்து, கல் நோய்க்கான ஜீன்களை மொத்தமாகப் படிக்கும் பேனல், அல்லது புரதம் செய்யும் ஜீன் பகுதிகளை எல்லாம் படிக்கும் எக்ஸோம் டெஸ்ட். மகளின் ரத்தத்தோடு உங்கள் இருவர் மாதிரியையும் சேர்த்து எடுத்து வைத்தால் நல்லது. ரிப்போர்ட்டில் “முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்” என்று ஒரு வரி வரலாம். இந்தியர்களின் மரபணுத் தரவு உலகச் சேமிப்பில் குறைவு என்பதால் நமக்கு அது அதிகமாகவே வரும். 10,000 இந்தியர்களின் மரபணுவை முழுதாகப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த வரி நோய் உறுதி என்று பொருளில்லை. பயந்து, அதை வைத்து ஊரில் பேச்சைக் கிளப்பாதீர்கள். கவுன்சலிங் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பும் இடத்தில் இந்த டெஸ்டை எடுக்கவே வேண்டாம்.

சாப்பாடு. பாலை இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். கல்லில் கால்சியம் இருக்கிறது என்பதால் பாலை நிறுத்துவது நம் ஊரில் டாக்டர்களே சிலர் சொல்லும் பழைய பாடம். உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலும் தயிரும் நின்றால் ஆக்ஸலேட் தடையில்லாமல் உள்ளே ஏறும். 2002-ல் இத்தாலியில் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த உணவு. மறு பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருஷத்தில் கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது, மற்ற 60 பேரில் 12 பேருக்கு மட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், இவைதான் உங்கள் வீட்டில் குறைய வேண்டியவை. உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் கூடவே போகும்.

தக்காளி பாவம், விதை கல் மாதிரி இருப்பதால் கெட்ட பெயர் வாங்கிவிட்டது. அதில் ஆக்ஸலேட் குறைவு, ரசத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். கீரையில் பசலையும் தண்டுக்கீரையும் ஆக்ஸலேட் மிகுந்தவை, அவற்றை இப்போதைக்கு ஒதுக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மகளுக்கு ப்ரைமரி ஹைபர்ஆக்ஸலூரியா என்று வந்தால், ஆக்ஸலேட் கல்லீரலிலிருந்து வருவதால் கீரையை நிறுத்துவதில் பெரிய பலன் இருக்காது. உணவில் தேடி ஓடாமல் மருந்தில் கவனம் வைக்க வேண்டியிருக்கும். வைட்டமின் சி மாத்திரை மட்டும் வேண்டாம், அது உடலில் ஆக்ஸலேட்டாக மாறும்.

வாழைத்தண்டு சாறு குடித்தால் கல் கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பொரியலாகச் சாப்பிட்டால் நல்ல நார்ச்சத்து, சாறாக ஒரு டம்ளர் குடித்தால் ஒரு டம்ளர் தண்ணீரின் பலனாவது உண்டு. வெறும் வயிற்றில் குழந்தையை வாந்தி வரும்வரை குடிக்க வைப்பதாக இருந்தால், அதை மட்டும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் உப்பில்லாத எலுமிச்சை ஜூஸ் கொடுங்கள், அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேர்வதைத் தடுக்கும்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்பீர்கள். எந்த நோய் என்று தெரிந்தபின் அளவை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். அதுவரை சிறுநீர் தெளிந்து போகும்படி குடிக்க வேண்டும். வீட்டில் நீங்கள் குடிக்க வைத்துவிடுவீர்கள். சிக்கல் பள்ளியில். பள்ளி டாய்லெட்டுக்குப் போகப் பிடிக்காமல் காலை முதல் மாலைவரை தண்ணீர் பாட்டிலைத் திறக்காத பெண் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய், எப்போது கேட்டாலும் வெளியே விடச் சொல்லி, டாக்டர் சீட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்களுக்கும் ஒரு 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். மகள் டெஸ்டோடு ஒப்பிட்டால் இருவருடைய கல்லும் உறவா இல்லையா என்று ஓரளவு தெரியும். தறிக்கூடத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குடம் வையுங்கள். நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குக் குடித்தவர்களில் ஐந்து வருஷத்தில் 12 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியதாக 1996-ல் இத்தாலியில் நடந்த இன்னொரு ஆய்வு காட்டியது. இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது அவனுக்கு ஜீன் டெஸ்ட் வேண்டாம். ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஒரு வேளைச் சிறுநீரில் கால்சியம், ஆக்ஸலேட், சிஸ்டின் அளவு, இவ்வளவு போதும். மகளிடம் எந்த ஜீன் என்று உறுதியானபின், அந்த ஒரே இடத்தை மட்டும் அவனிடம் பார்ப்பார்கள். செலவும் பேனலைவிட வெகு குறைவு. நோய் இருந்தால் கல் கட்டுவதற்கு முன்பே மருந்து தொடங்கலாம். இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால், மகளின் ரிப்போர்ட் வரும்வரை தள்ளிப்போடுங்கள். ரிப்போர்ட் கையில் இருந்தால் கருவுற்ற மூன்றாவது மாதத்திலேயே கருவைச் சோதித்துச் சொல்ல முடியும்.

டெஸ்ட் முடிவுகள் வந்தபின், மகளின் உயரம், எடை, இதுவரை எடுத்த ஸ்கேன்களின் நகலோடு மீண்டும் எழுதுங்கள். அதுவரை காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.